நாய்க்கும் ஒரு நினைவுச் சின்னம்

"நாய்க்கெல்லாமா நினைவுச் சின்னம்?" என்று கேட்டார் வகுப்புத் தோழர் ஒருவர். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தார்.

நடந்தது இதுதான். சென்ற தை மாதம் எங்கள் வீட்டு மணி இறந்துபோயிற்று. பதினோரு ஆண்டுகள் அறுவடைக் காலமெல்லாம் களத்து நெல்லுக்குக் காவல் கிடந்த நாய். அது படுத்துறங்கிய பழைய கட்டம்போட்ட லுங்கியை ஆயா துவைத்தார். கிழியாத இடமாகப் பார்த்து ஒரு சாண் சதுரம் வெட்டினார். பழம்புடவைகளை அடுக்கித் தைத்துக்கொண்டிருந்த விரிப்பின் நடுவே அதை வைத்துத் தைத்துவிட்டார். அதன் ஓரத்தில் ஒரு சிவப்புத் துண்டும் இருக்கிறது. அது மணிக்கு முன்பிருந்த கறுப்பியின் கழுத்தில் கட்டியிருந்த துணி. நான் பிறக்கும் முன்பே போய்விட்ட நாய் அது. ஆனால் அதன் சேட்டைகள் அத்தனையும் அந்தச் சிவப்புத் துண்டைக் காட்டிக் காட்டியே எனக்குச் சொல்லப்பட்டவை.

வீட்டுக்கு வந்த தோழர் விரிப்பைப் பார்த்து விசாரித்தார். விவரம் கேட்டதும் சிரித்தார். நான் என்ன செய்தேன்? "ஏதோ பழங்கந்தல், விடுங்கள்" என்று மடித்துப் பெட்டிமேல் வைத்தேன். திண்ணையிலிருந்த ஆயாவின் காதில் அது விழாமலில்லை. அன்று கூசியவன் இன்று இதை எழுதுகிறேன்.

நாய்க்கு நினைவுச் சின்னம் வைப்பது மேனாட்டார் மோகம் என்றும், பணம் படைத்தோர் பொழுதுபோக்கு என்றும் பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எழுப்பிய கல். அவன் அரசனல்லன், ஒருவரிடம் சேவகம் பார்த்தவன். அதே கல்லில் அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் அதன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. பெயரைக் கோவிவன் என்று படித்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்ற நூல் அப்பகுதிக் கற்களைப் பற்றியதே.

இன்னொரு கல் நம் ஊருக்கு உறவுடையது. குடவோலைக் கல்வெட்டு என்றால் நமக்கெல்லாம் நெஞ்சு நிமிரும். அதற்குரிய பராந்தகனின் மகன் இராசாதித்தன் காஞ்சிக்கு வடக்கேயுள்ள தக்கோலத்தில் 949இல் போரிட்டு மாண்டான். வென்றவர் பக்கம் கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன் இருந்தான். "வேண்டியதைக் கேள்" என்றபோது அவன் பொன்னைக் கேட்கவில்லை; காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கினான். பின்னர் அந்த நாய் காட்டுப்பன்றி ஒன்றோடு பொருதி, பன்றியும் மாண்டது, நாயும் மாண்டது. கர்நாடகத்து ஆதகூரில் காளிக்குக் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். பூசை செய்யாமல் உண்பவனுக்குப் பாவம் என்றும் எழுதிவைத்தார்கள்! பெங்களூர் அருங்காட்சியகத்தில் இன்றும் அந்தக் கல் இருக்கிறது. நம்மை வென்றவர்களின் நாய்தான். ஆயினும் அதை எண்ணும்போது எனக்குப் பகை தோன்றவில்லை.

கல் நட நிலமில்லாதவர் என்ன செய்வது? துணிதான் இருக்கிறது. பட்டு நெய்யும் சீமையில் கந்தலைத் தைப்பதா என்று கேட்காதீர்கள். கட்டிப் பழகிய துணியில்தான் நினைவு ஒட்டும். 1987இல் எய்ட்ஸ் நோயால் மாண்டவர்களுக்காக அமெரிக்காவில் ஆளுக்கு 3 அடிக்கு 6 அடித் துணி தைத்து, வாஷிங்டன் நகரில் விரித்தார்கள். அதுவும் துணியே.

தெருநாய் கடித்து மக்கள் சாகும் நாட்டில் இதென்ன உருக்கம் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. மணிக்கு ஆண்டுதோறும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். ஊசிக்குக் கூட்டிப் போகாதவன் துணி தைத்து அழுவதில் எனக்கும் நம்பிக்கையில்லை.

கோவிவனுக்குக் கிடைத்த ஒன்று எங்கள் மணிக்கு இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. பெயர்! சென்ற ஞாயிறன்று பெட்டிமேலிருந்த விரிப்பை எடுத்துவந்து, அந்தச் சதுரத்தில் பென்சிலால் 'மணி' என்று எழுதிக் கொடுத்தேன். ஆயா பள்ளிக்கூடம் போனவரல்லர். கோட்டின்மேல் ஊசியை ஓட்டிக்கொண்டே போனார். முடித்துக் காட்டியபோது 'ண'வில் ஒரு சுழி குறைந்து 'மனி' என்றிருந்தது.

"சரியா இருக்குதாடா?" என்றார்.

"சரியாத்தான் இருக்குது ஆயா" என்றேன்.