பச்சை வயர் எங்கே?

சுவரில் பதித்த இரும்புப் பெட்டிக்குள் வயர்களை முறுக்கி, டேப் சுற்றி, மூடியைத் திருகிவிட்டால் வேலை முடிந்தது என்பது பல வயர்மேன்களின் எண்ணம். விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. பச்சை வயர் மட்டும் எதிலும் சேராமல் மூலையில் சுருண்டு கிடக்கிறது.

விதி இதை ஏற்பதில்லை. உலோக உறைகள் பூமியுடன் இணைக்கப்பட வேண்டும், ஜங்ஷன் பெட்டிகளிலும் அந்த இணைப்பு அறுபடக் கூடாது என்றது 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 61-வது விதி. 2010-இல் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளும் அதைக் கைவிடவில்லை.

காரணம் எளிது. உறை கிழிந்த பேஸ் வயர் பட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட். எர்த் இருந்தால் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து ஃபியூஸ் போகும், அல்லது ஆர்.சி.சி.பி. துண்டிக்கும். இல்லாவிட்டால் எதுவும் நடக்காது, யாராவது ஈரக் கையால் தொடும்வரை. உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும்.

எனவே பெட்டிக்குள் வரும் எர்த் வயர்கள் அனைத்தும் ஒன்றுசேர வேண்டும். அங்கிருந்து ஒரு துண்டு, பெயின்ட் சுரண்டிய இடத்தில், பெட்டியோடு திருகி இறுக்கப்பட வேண்டும். ஒரு பிளக் பாயின்டைக் கழற்றினால் அடுத்த அறையின் எர்த் அறுந்துபோகக் கூடாது. மூடி ஏறுவதற்கு முன் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது ஒரு சாண் வயரையும் ஒரு திருகையும்தான்.