பதில் பிறகு வரலாம், ‘கிடைத்தது’ உடனே வரட்டும்



மெயிலுக்கு உடனே பதில் போடுவதா, ஆற அமர யோசித்துப் போடுவதா? ராயபுரம் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இது தினசரித் தலைவலி. சரக்குக்கு எந்த வரி எண் என்று இறக்குமதியாளர் கேட்பார். அவசரத்தில் தப்பான எண்ணைச் சொல்லிவிட்டால், தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தச் சுங்கத்துறைக்கு அலைய வேண்டும். சரிபார்க்கிறேன் என்று நாட்களைக் கடத்தினாலோ, கன்டெய்னரின் இலவச நாட்கள் முடிந்து டிமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறத் தொடங்கும். இரண்டுமே கைக்காசுதான்.

ஆனாலும் அவசரப் பதிலைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். 2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் மாசு போன்ற பாதிப்பு இல்லை என்று துறைமுகத்திலிருந்து அன்றே அறிக்கை வந்தது. பிறகு எர்ணாவூர் கரையில் கறுப்பு எண்ணெய்க் கசடு தார்க்குழம்பாகத் திரண்டு நின்றது. இளைஞர்களும் மீனவர்களும் கடலோரக் காவல் படையினரும் பாறைகளில் நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். “பார்த்துவிட்டுச் சொல்கிறோம்” என்று அன்று ஒரு வரி வந்திருந்தால் யாரும் கோபித்திருக்க மாட்டார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் ஆறப்போடவும் முடியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை எழுப்பியது அந்த நெடிதான். கைக்குழந்தைகளோடு தெருவுக்கு ஓடிவந்தவர்களுக்கு நிமிடங்களே கணக்கு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இந்த வித்தியாசத்தை அறியும்: பொதுவான கேள்விக்கு 30 நாள், உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதற்கு 48 மணி நேரம்.

மெதுவான பதில் தப்பில்லை. சத்தமே இல்லாமல் இருப்பதுதான் தப்பு. எழுதியவர், மெயில் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாமல் தவிப்பார். அதனால், எங்களுக்கு நீங்கள் எழுதும் மெயிலுக்கு ‘கிடைத்தது’ என்ற வரி முதலில் வரும். விசாரித்த பிறகே பதில் வரும். அதற்குச் சில நாட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலைப் புகை, கழிமுக நீர் பற்றி எழுதும்போது இடம், தேதி, நேரம் மூன்றையும் குறிப்பிட்டால் சீக்கிரம் விசாரிக்க முடியும். வாயு நெடி அடித்தால் மட்டும் மெயில் எழுத உட்காராதீர்கள். அங்கிருந்து விலகி, முதலில் 112-க்கு அழையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்