எலியை எண்ணிக் கூலி கொடுப்பது சரியா?



காவிரிப் பாசனப் பகுதிக் கிராமங்களில், சம்பாப் பயிர் கதிர் வாங்கும் பருவத்தில், மாலை நேரத்தில் ஒரு காட்சியைக் காணலாம். தோளில் ஒரு கட்டு மூங்கில் கிட்டிகளைச் சுமந்தபடி ஒருவர் வரப்பில் நடப்பார். குனிந்து தரையைப் பார்ப்பார். ஓரிடத்தில் கிட்டியை வைப்பார்; சற்றுத் தள்ளி இன்னொன்றை வைப்பார். மறுநாள் விடியற்காலையில் வந்து, சிக்கிய எலிகளைச் சேகரிப்பார்.

தஞ்சாவூர்க் கிட்டி எனப்படும் இந்தப் பொறிக்கு வேண்டியவை மூங்கில் பிளாச்சும் கயிறும்தான். வில் போல் வளைத்த மூங்கிலில் ஆற்றல் சேமிக்கப்பட்டிருக்கிறது. எலி இரையை இழுத்ததும் தடை விலகுகிறது, மூங்கில் நிமிர்கிறது, எலி அகப்பட்டுக்கொள்கிறது. நிலையாற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதற்கு இதைவிட எளிய உதாரணம் உண்டா?

கிட்டி வைக்கும் ஒருவரின் மகன் என்னிடம் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, பதினெட்டு வயதும் நிரம்பியவன். சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தவன் ஒரு கேள்வி கேட்டான்.

"சார், எங்களுக்கு எலிக்கு இவ்வளவுன்னுதான் கூலி. ஒரு பண்ணையில எங்க அப்பா வரப்பையெல்லாம் ஒடுக்கிக் கட்டச் சொன்னாரு, புல்லைச் சீவச் சொன்னாரு. அடுத்த வருஷம் அங்க எலியே இல்ல. எங்களுக்குக் கூலியும் இல்ல. நல்லா வேலை செஞ்சா பிழைப்பு போயிடுது. இந்தத் தொழில்ல நான் இறங்கலாமா, வேண்டாமா?"

அன்று எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். குறை அவன் தொழிலில் இல்லை, நாம் கூலி கொடுக்கும் முறையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

1902-ஆம் ஆண்டில் வியட்நாமின் ஹனோய் நகரில் நடந்ததைக் கேளுங்கள். அப்போது அந்நகரம் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அவர்கள் கட்டிய பாதாளச் சாக்கடைகளில் எலிகள் பெருகின. பிளேக் நோய் பரவுமோ என்று அஞ்சிய அதிகாரிகள், எலியைக் கொன்று வாலைக் கொண்டுவந்தால் பணம் தருவதாக அறிவித்தனர். வால்கள் குவிந்தன. ஆனால் வாலில்லாத எலிகள் தெருவில் ஓடுவதையும் மக்கள் கண்டனர்! வாலை மட்டும் வெட்டிக்கொண்டு எலியை விட்டுவிட்டார்கள். அது குட்டி போட்டால்தானே இன்னும் வால்கள் கிடைக்கும்! நகரத்தின் புறத்தே சிலர் எலிகளை வளர்க்கவே தொடங்கிவிட்டனர். பரிசுத் திட்டம் கைவிடப்பட்டது.

நம் ஊர்க் கிட்டிக்காரர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என் மாணவனின் தந்தை தமக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் நல்ல யோசனையைச் சொன்னவர். அத்தகைய நேர்மைக்குத் தண்டனை அளிக்கும் கூலி முறை நல்ல முறையாகுமா என்பதுதான் என் கேள்வி.

விஞ்ஞானமும் இதையே கேட்கிறது. 1940-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் எலிகளை ஆராய்ந்தனர். பொறி வைத்து எலிகளைக் குறைத்த இடங்களில் அவை மீண்டும் பழைய எண்ணிக்கைக்கு வளர்ந்தன. குப்பையை அகற்றி, வீடுகளைப் பழுது பார்த்த இடங்களிலோ எலிகள் குறைந்தே இருந்தன. காரணம் எளியது. பாதி எலிகளைப் பிடித்துவிட்டால், மீதிப் பாதிக்கு உணவும் இடமும் தாராளமாகக் கிடைக்கும். அவற்றின் குட்டிகள் அதிகமாகப் பிழைக்கும். நம் வயல்களில் வளை தோண்டும் பெருச்சாளி இன எலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ மூன்று வாரமே. எண்ணிப் பிடிப்பவர் எவ்வளவு வேகமாகப் பிடித்தாலும், இரையும் இடமும் இருக்கும்வரை எலி அவரை முந்திவிடும்.

ஆகவே இத்தொழிலுக்கு வரும் இளைஞர் முதலில் படிக்க வேண்டியது பொறியை அன்று, எலியை. எந்த வளையில் எலி இருக்கிறது? மாலையில் எல்லா வளைகளின் வாயையும் மண்ணால் மூடிவிட வேண்டும். காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவற்றில்தான் எலி குடியிருக்கிறது. எங்கே சேதம்? வரப்போரத்துப் பயிர் செழிப்பாக நிற்கும். வயலின் நடுவே தூர்கள் வெட்டப்பட்டிருக்கும். உள்ளே இறங்கிப் பார்க்காதவர் ஏமாந்துபோவார். வரப்பு அகலமாக இருந்தால் எலி வளை தோண்ட வசதி. அகலம் 30 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும் என்கிறார்கள் நெல் ஆராய்ச்சியாளர்கள். எலிகள் குட்டி போட்டுப் பெருகும் முன்பே, பயிர் இளசாக இருக்கும்போதே, ஊரார் எல்லாரும் ஒரே சமயத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி அங்கே குடிவரும்.

'இத்தனை தொல்லை எதற்கு? விஷம் வைத்தால் போயிற்று' என்று சிலர் கூறலாம். துத்தநாக பாஸ்பைடு என்னும் விஷம் வயிற்று அமிலத்துடன் சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை உண்டாக்குகிறது. இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. அந்த விஷம் எலி என்றும் குழந்தை என்றும் பார்ப்பதில்லை. இரத்தம் உறையாமல் செய்யும் வேறு வகை விஷங்களை உண்ட எலி சில நாட்கள் உயிரோடு திரியும். அதைத் தின்னும் கூகையும் சாகக்கூடும். இரவெல்லாம் கூலி வாங்காமல் எலி பிடிக்கும் பறவையை இழப்பது இலாபமா? வயலைச் சுற்றி மின்கம்பி கட்டுவதோ சட்ட விரோதம். அதில் மனித உயிர்களே போயிருக்கின்றன.

பொறி வேலையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவக் கிருமி இருக்கக்கூடும். சேற்றில் கலந்த அக்கிருமி காலில் உள்ள சிறு புண் வழியாக உடலுக்குள் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். கையுறையும் முழங்கால் வரை வரும் ரப்பர் காலணியும் ஆடம்பரமல்ல, தொழிற்கருவிகள். காய்ச்சல் வந்தால், தாம் எலி பிடிப்பவர் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வளைக்குள் பாம்பும் இருக்கலாம். கடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். சாரைப்பாம்பைக் கண்டால் அடிக்கக் கூடாது. அதைக் கொல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவிர, அதுவும் எலி பிடிக்கும் கூட்டாளிதானே?

வட தமிழ்நாட்டில் இருளர் மக்கள் பானையில் புகையை உண்டாக்கி, வளைக்குள் வாயால் ஊதி எலி பிடித்து வந்தனர். கையும் வாயும் சுட்டன. புகை நெஞ்சை அடைத்தது. 2003-ஆம் ஆண்டில் உலக வங்கியின் நிதியுதவி பெற்ற ஒரு திட்டத்தின் வாயிலாக, கையால் சுழற்றும் ஊதி பொருத்திய எஃகுக் கருவி அவர்களுக்கு அறிமுகமாயிற்று. இத்தொழில் செய்பவர்களைப் பற்றிச் சற்றே அக்கறையுடன் யோசித்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

கூலிக்கு வருவோம். எலியை எண்ணாமல் பயிரை எண்ணுங்கள் என்பதே என் யோசனை. ஊரார் ஒன்றுகூடி, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு போகத்துக்குப் பேசிக்கொள்ளட்டும். பாதியை நடவின்போதே கொடுக்கட்டும்; மீதியை அறுவடையின்போது, வயலில் சேதம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் கொடுக்கட்டும். அப்போது வரப்பை ஒடுக்கச் சொல்பவருக்கு நஷ்டம் வராது. எலியே அகப்படாத வயல் அவருடைய திறமைக்கு அடையாளமாகிவிடும்.

'கணக்கில்லாமல் பணம் கொடுத்தால் வேலை நடக்குமா?' என்று விவசாயி கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்! வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைவரை நடந்து, வழியில் பத்து இடங்களில் நில்லுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மொத்தத் தூர்கள் எத்தனை, எலி வெட்டியவை எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டியவற்றை மொத்தத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் சேதத்தின் சதவிகிதம் கிடைத்துவிடும். நடுநிலையான இந்தக் கணக்கை உங்கள் பள்ளி அறிவியல் மன்றமே செய்து கொடுக்கலாம். வயலுக்குப் போகும்போது ஆசிரியரை உடன் அழைத்துச் செல்லுங்கள். வளையில் கைவிடாதீர்கள், செத்த எலியைத் தொடாதீர்கள்.

என் மாணவனுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். "தம்பி, இறங்கு. ஆனால் எலி பிடிப்பவனாக இறங்காதே. பயிரைக் காப்பவனாக இறங்கு. உன் அப்பாவிடம் இருப்பது பெரிய படிப்பு. அதோடு நீ பள்ளியில் கற்ற கணக்கையும் சேர்த்துக்கொள். ஊர்க் கூட்டத்தில் கூலியைப் பற்றி நீயே பேசு. நானும் வருகிறேன்."

வருகிற போகத்தில் மூன்று விவசாயிகள் இம்முறையைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூன்று போதுமா என்கிறீர்களா? தொடங்குவதற்குப் போதும். உங்கள் ஊரில் கிட்டி வைப்பவர் யார்? அவரிடம் ஒருநாள் பேசிப் பாருங்கள்.