நோபல் பரிசு காணாத உப்புக் கரைசல்

மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதத்தில் அறிவிக்கப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டின் அதே மாதத்தில், அப்பரிசைப் பெறாமலேயே கொல்கத்தாவில் காலமானார் வைத்தியர் திலீப் மஹலானபிஸ். அவரது பெயரைக் கேள்விப்பட்டிராதவர்களும் அவரது பணியின் பயனை அறிவர். நமது நாட்டில் வயிற்றோட்டத்துக்கு 'ஜீவனி' என்று கேட்டு வாங்கும் சிறு பொதி, அவரும் அவரது சமகால ஆய்வாளர்களும் விட்டுச் சென்ற கொடையே ஆகும்.

குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படும்போது அது சோடியத்தையும் உடன் அழைத்துச் செல்கின்றது. நீர் அவற்றைத் தொடர்கின்றது. கொலரா நஞ்சு இந்த வழியை மட்டும் பழுதாக்குவதில்லை. இதனை நோயாளர்களிடம் பயன்படுத்தலாமென 1968 இல் டாக்கா ஆய்வுகூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகியோர் நிறுவினர். எனினும் அது வைத்தியசாலைக் கட்டிலில், வைத்தியர்களின் கண்காணிப்பில் நிகழ்ந்த பரிசோதனை.

1971 இல் கிழக்குப் பாகிஸ்தான் யுத்தத்தினால் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் தஞ்சம் புகுந்தனர். எல்லையோர பொங்காவோனில் கொலரா பரவியபோது அங்கிருந்த வைத்தியசாலையில் நோயாளர் தரையெங்கும் கழிவுகளுக்கிடையே கிடந்தனர். நாளத்தில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. மஹலானபிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்ற அளவில் கரைசல் தயாரித்து, நோயாளரின் தாய்மாரிடமும் உறவினரிடமும் ஒப்படைத்தார். முன்னர் சுமார் 30 சதவீதமாக இருந்த மரண வீதம், அவரது பராமரிப்பிலிருந்தவர்களிடையே 3.6 சதவீதமாக வீழ்ந்தது.

கரைசலைக் காட்டிலும் பெரிய துணிச்சல், அதனை எழுத்தறிவற்ற ஒரு தாயின் கையில் நம்பிக் கொடுத்ததேயாகும் என்பது எமது கருத்து. வைத்தியத் தொழிலின் கௌரவம் அதற்கு இலகுவில் இடங்கொடுப்பதில்லை. 'லான்செட்' சஞ்சிகை இந்நூற்றாண்டின் மிக முக்கிய மருத்துவ முன்னேற்றமாக இது அமையலாமென 1978 இல் எழுதும்வரை பலர் அலட்சியமாகவே நோக்கினர். பங்களாதேஷில் பிராக் நிறுவனம் 1980 களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் கரைக்கக் கற்பித்தது. அத்தாய்மார் கற்றதை நினைவில் வைத்திருந்த அளவுக்கே ஊழியர்களுக்குக் கொடுப்பனவு வழங்கப்பட்டது. நம்மவர் நடத்தும் விழிப்புணர்வுக் கருத்தரங்குகளுக்கும் இவ்விதி பொருந்துமாயின் எத்தனை பேருக்குச் சம்பளம் கிடைக்குமோ!

மஹலானபிஸுக்கு 2023 இல் பத்மவிபூஷண் விருது, மறைவுக்குப் பின்னரே கிட்டியது. நோபல் பரிசோ மறைந்தோருக்கு வழங்கப்படுவதில்லை. ரிச்சர்ட் காஷும் 2024 இல் காலமானார். பரிசு எவருக்குக் கிட்டியது என்பதைவிட, மருந்து எவருக்குக் கிட்டவில்லை என்பதே பாரதூரமானது. வயிற்றோட்டம் கண்ட உலகச் சிறார்களில் பாதிக்கும் குறைவானோருக்கே இக்கரைசல் கிடைக்கின்றது. பல நாடுகளில் மருந்து விற்போரும் வைத்தியர் சிலரும் தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லிகளையே கைநீட்டிக் கொடுக்கின்றனர். சில சதங்களுக்குக் கிடைக்கும் பொதியில் இலாபம் ஏது?

சூடானில் 2024 ஓகஸ்டில் கொலரா பிரகடனப்படுத்தப்பட்ட பின்னர் இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். எல் பாஷர் நகரிலிருந்து தப்பியோடிய குடும்பங்கள் 2025 இல் தவிலா முகாம்களை அடைந்தபோது, பொங்காவோனில் 1971 இல் காணப்பட்ட அதே நோய் அங்கும் காத்திருந்தது. கரைசல் கண்டுபிடிக்கப்பட்டு அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அதனைக் கரைப்பதற்கான சுத்தமான நீர்தான் அங்கு இருக்கவில்லை.