அரங்க வீரரும் பார்லிக் கூழும்

வீரன் என்ற சொல்லைக் கேட்டதும், குன்றெனக் குவித்த ஊன்சோற்றை உண்டு களம் புகும் ஒருவனையே நம் மனம் கற்பனை செய்கின்றது. பண்டை உரோமாபுரியின் அரங்குகளிலே, பல்லாயிரவர் பார்த்து ஆரவாரிக்க வாளேந்திப் பொருத கிளாடியேற்றர் என்னும் வீரரும் அவ்வாறே உண்டிருப்பர் என எண்ணுதல் இயல்பு. ஆயின் உண்மை வேறு. அவர்களுக்குப் 'பார்லிக்காரர்' என்றொரு பட்டப்பெயர் வழங்கியது என்று, கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞர் குறித்துள்ளார்.

உரோமப் படையிற் போர்வீரனுக்குரிய தானியம் கோதுமை. களத்திற் கடமை தவறிய படைப்பிரிவினருக்குக் கோதுமையை நிறுத்திப் பார்லியை அளந்து கொடுப்பது தண்டனைகளுள் ஒன்று. படைவீரனுக்குத் தண்டனையாக வந்த தானியமே அரங்க வீரனுக்கு அன்றாட உணவாயிற்று.

கி.பி. 2ஆம் நூற்றாண்டிலே, பேர்கமம் நகரில் இவ்வீரருக்கு மருத்துவராயிருந்தவர் கலென். அவரையின விதைகளைப் பார்லியுடன் சேர்த்துச் சமைத்து அவர்கள் நாள்தோறும் உண்டனர் என்றும், அதனால் அவர்தம் தசை இறுகாது தளர்ந்திருந்தது என்றும் அவர் எழுதியுள்ளார். அவ்வாறு பருத்த உடலின் கொழுப்பு, மேலோட்டமான வெட்டுக் காயங்களிலிருந்து நரம்புகளையும் உள்ளுறுப்புக்களையும் காத்திருக்கலாம் என இக்கால ஆய்வாளர் சிலர் கருதுவர்.

நூல்கள் கூறியதை எலும்புகளும் பெரிதும் உறுதிப்படுத்தின. இன்றைய துருக்கியிலுள்ள எபேசு என்னும் பழம்பதியில் இவ்வீரரின் இடுகாடு 1993ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தாரும் பேர்ண் பல்கலைக்கழகத்தாரும் அங்கிருந்து பெற்ற எலும்புகளை ஆராய்ந்து 2014இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். வீரரின் உணவு பெரும்பாலும் தானியமும் பருப்புமே. அந்நகரத்துப் பொதுமக்களின் உணவும் ஏறக்குறைய அதுவே. ஆயினும் அவர்கள் ஊனுணவை முற்றாக விலக்கியவர் என்று கூறிவிட முடியாது.

ஒரு வேறுபாடு மட்டும் தெளிவாகத் தோன்றிற்று. கல்சியத்தோடு ஒப்பிடுமிடத்து, ஸ்ட்ரோன்சியம் என்னும் மூலகம் வீரரின் எலும்புகளில் மிகுந்திருந்தது. போர் முடிந்தபின் வீரர் சாம்பல் கரைத்த நீரைப் பருகினர் எனப் பிளினி கூறியதை ஆய்வாளர் இதனோடு பொருத்திக் காண்கின்றனர். தாவரச் சாம்பலிற் கல்சியம் உண்டு. எலும்பு முறிந்தவர்க்கு இன்று மருத்துவர் கல்சிய மாத்திரை கொடுப்பதை ஒத்த செயல் இது.

மாணவர் இதிலிருந்து இரண்டு செய்திகளை உளங்கொள்ளலாம். உடல்வலிமைக்கு விலையுயர்ந்த பண்டங்கள் இன்றியமையாதன அல்ல. தானியமும் பருப்பும் உண்டவரே அந்தக் கடும்போரை ஆற்றினர். தகரப்பேணியில் அடைத்த மாவுக்காகக் கடன்படும் பெற்றோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மற்றையது சற்றுக் கசப்பானது. அரங்க வீரருட் பெரும்பாலோர் அடிமைகளும் போர்க்கைதிகளும் குற்றவாளிகளுமே. தாமாக முன்வந்தோர் சிலரே. வயிறு நிறையக் கூழும், காயத்திற்கு மருந்தும், எலும்பிற்குச் சாம்பல் நீரும் அவர்களுக்குக் குறைவின்றிக் கிடைத்தன. முதலிட்டு வாங்கிய உடைமை வீணாகிவிடலாகாதே என்ற உரிமையாளனின் கவலையும் அதற்கொரு காரணம். நன்றாக உண்பித்தவர் எல்லாரும் அன்பினால் உண்பித்தவர் அல்லர். ஒருவேளை உணவை அன்போடு இடுகின்ற வீட்டிற் பிறந்தவர்கள், அது எத்துணைப் பெரும்பேறு என்பதை உணரவேண்டும்.