எந்த மெசின் வாங்கலாம், மிஸ்?



சென்ற ஒக்டோபர் மாதம் டிக்கோயாவுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து, நான் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "மிஸ், ஒரு விசயம் கேக்கணும். இந்த மாசம் சீட்டு எனக்கு விழுந்திருக்கு. மகேன் பெயின்ட் அடிக்கிற மெசின் ஒன்னு வாங்கித் தரச் சொல்றான். எந்த மெசின் வாங்கலாம், மிஸ்?"

கடன், பதிவுச் சான்றிதழ், வீட்டு வன்முறை என்று எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய எனக்கு இது புதியது. நான் படித்த சமூகவியலில் ஸ்பிரே கன் பற்றிப் பாடம் இல்லை. ஆனால், அந்தக் கருவியிடம் நானும் ஒரு முறை தோற்றிருக்கிறேன். என் மகளின் கட்டிலுக்கு ஓர் ஜூன் மாதத்தில் இரவல் ஸ்பிரே கன்னால் லெக்கர் அடித்தேன். கண்ணாடி போல மின்னும் என்று நினைத்தது, காலையில் பார்த்தால் சாம்பல் பூசியது போல வெளுத்துக் கிடந்தது. அதனால் "அடுத்த கிழமை வீட்டுக்கு வருகிறேன் அக்கா, அதுவரைக்கும் காசைக் கொடுத்துவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவருடைய மகன் மொறட்டுவையில் தளபாடப் பட்டறை ஒன்றில் ஏழு வருடம் வேலை செய்த பிள்ளை. 2022 நெருக்கடியில் பட்டறையில் ஆட்களைக் குறைத்தபோது ஊருக்குத் திரும்பியவர். சவுக்கு மரத்தில் கதிரை, அலுமாரிக் கதவு, சாமித் தட்டு என்று செய்து கொடுக்கிறார். கைவேலை சுத்தம். பளபளப்பு இல்லாததால் டவுன் கடை விலைக்கு யாரும் எடுப்பதில்லை என்பதுதான் அவருடைய குறை. அதில் உண்மை இருக்கிறது. ஒரே மரம், ஒரே வேலை என்றாலும் பூச்சுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

வேலை நடப்பது லயத்தின் தொங்கல் வீட்டில். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் பலகை அடித்து மூடிய இஸ்தோப்பு, பின்னால் விறகடுப்பு எரியும் குசினி. அந்த இஸ்தோப்பில் வைத்துத்தான் அடிக்கப்போகிறாராம். உள்ளே ஒரு நாலு வயதுப் பேத்தி. அவளுக்கு இழுப்பு. மாதத்தில் ஒரு நாளாவது டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பிள்ளை.

இந்த இடத்தில் ஸ்பிரே கன்னின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அலன் டிவில்பிஸ் என்ற தொண்டை வைத்தியர் 1880களின் கடைசியில் ஒரு சிறு கருவி செய்தார். ரப்பர் குமிழை அமுக்கினால் மருந்து பனித்துளி போலப் பிரிந்து நோயாளியின் தொண்டைக்குள் போகும். அவருடைய மகன் தோமஸ் 1907இல் அதே முறையைப் பெயின்ட் அடிக்க மாற்றினார். தொண்டைக்குள் மருந்தை அனுப்பப் பிறந்த கருவி, தின்னரையும் அதே தொண்டைக்குள் அதே சுலபத்தோடு அனுப்பும். பழைய வகைக் கன்னில் பெயின்டில் பாதிக்கும் குறைவாகத்தான் பலகையில் ஒட்டும். மிச்சம் காற்றில். காசும் காற்றில்தான் போகிறது, அதைச் சுவாசிப்பது வீட்டில் இருப்பவர்கள்.

மகன் இரண்டு விலைப்பட்டியல் வாங்கி வைத்திருந்தார். ஒன்று கொம்பிரசரும் அதற்கான கன்னும். மற்றது கையில் பிடித்து நேராக மின்சாரத்தில் மாட்டும் சிறிய மெசின். கடைக்காரர் மூன்றாவதாக 'எயர்லெஸ்' ஒன்றையும் சொல்லியிருக்கிறார். அதை முதலில் ஒதுக்கச் சொன்னேன். அது சுவர் அடிக்கும் கொந்தராத்துக்காரருக்கானது. ஆயிரம் இறாத்தலுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பெயின்டைத் தள்ளும். வாயில் விரல் பட்டால் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சின்னப் புள்ளிதானே என்று விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கதிரைக்கால் அடிக்க அது எதற்கு?

கொம்பிரசர்தான் மகனின் ஆசை. மொறட்டுவையில் பழகியது அதில்தான். நல்ல பூச்சும் அதில்தான் வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கன் கேட்கும் காற்றைக் கொம்பிரசர் கொடுக்க வேண்டும். குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றை ஊதுகிற எச்.வி.எல்.பி. என்ற கன் பெயின்டை அதிகம் வீணாக்காது, வாயில் 10 இறாத்தலுக்கு மேல் அழுத்தம் இருக்காது. ஆனால் அதற்குக் காற்று ஏராளமாக வேண்டும். ஒரு குதிரைவலுச் சின்னக் கொம்பிரசரை வாங்கி அந்தக் கன்னை மாட்டினால், ஒரு கதவு முடிவதற்குள் காற்று தீர்ந்து புள்ளி புள்ளியாகத் துப்பும். பெரிய கொம்பிரசர் என்றால் அது ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டை அந்த லயத்தின் பழைய வயர் தாங்குமா? அயல்வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே, "ஸ்திரிக்கை போட்டாலே எங்க வீட்டு பல்பு மங்குது மிஸ்" என்றார்.

இன்னொன்று, நமது மலைக்கே உரிய தொல்லை. ஈரக்காற்றை அமுக்கினால் தண்ணீர் பிரியும். அட்டனில், நுவரெலியாவில் கொம்பிரசர் வைத்திருப்பவர்கள் தாங்கியின் அடியில் உள்ள திருகாணியைத் தினமும் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். கன்னுக்கு முன்னால் நீர் பிரிக்கும் கிண்ணமும் வேண்டும். இல்லாவிட்டால் வார்னிஷில் மீன்கண் போலக் குழி விழும்.

கையில் பிடிக்கும் மெசின் ஐந்நூறு, அறுநூறு வாட்தான் இழுக்கும். பூச்சு அவ்வளவு மெல்லியதாக வராது, கொஞ்சம் தோடம்பழத்தோல் மாதிரி இருக்கும். ஆனால் தண்ணீரில் கலக்கும் வார்னிஷுக்கும் சாதாரண பெயின்டுக்கும் போதும். வாங்கும்போது பார்க்க வேண்டியது மெசினின் நிறம் அல்ல, வாய் மாற்றலாமா என்பது. வார்னிஷுக்கு 1.5 மில்லிமீற்றர் அளவு, தடித்த பெயின்டுக்கு 1.8இலிருந்து 2.5 வரை. உதிரி வாய், ஊசி, வாஷர் கிடைக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். கிடைக்காத மெசின் மூன்றாம் மாதம் கட்டிலுக்குக் கீழே போய்விடும்.

அப்போது அக்கா மெதுவாக ஒரு யோசனை சொன்னார். தோட்டத்தில் மருந்தடிக்கும் முதுகுத் தாங்கி பழையது ஒன்று சும்மா கிடக்கிறதாம், நன்றாகக் கழுவி அதில் வார்னிஷை ஊற்றினால் செலவே இல்லையே என்று. எனக்குத் திக்கென்றது. சகோதரிகளே, இது பலருக்கும் வரக்கூடிய யோசனை என்பதால்தான் எழுதுகிறேன். அந்தத் தாங்கியின் பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் ஊறிய களைகொல்லி எத்தனை தரம் கழுவினாலும் முழுதாகப் போகாது. கிரமக்சோன் என்று நாம் அறிந்த பரகுவாட்டை இந்த நாட்டில் 2008இலிருந்து படிப்படியாக நிறுத்தினார்கள். எத்தனை உயிர்கள் போன பிறகு என்று நமது லயங்களுக்குத் தெரியும். பழைய தாங்கி எந்த மருந்தைச் சுமந்தது என்று யாருக்குத் தெரியும்? அதில் அடித்த கட்டிலில் பிள்ளை படுக்கும், கம்பியைக் கடிக்கும். வேலைக்கும் உதவாது. அதன் துளி பெரியது, பலகையில் வழிந்தோடும். தின்னர் வாஷரைக் கரைத்துவிடும்.

பிறகு அடுப்பைக் காட்டினேன். தின்னரின் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து குசினிக்குள் போகும். தின்னர்களில் சேரும் டொலுயீன் 4 பாகை செல்சியஸ் குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். "இங்கதான் எப்பவும் குளிராச்சே மிஸ்" என்ற சமாதானம் செல்லாது. நுவரெலியாவின் சாதாரணப் பகலே அதைவிட வெப்பம். அடைத்த இஸ்தோப்பு, அடுத்த அறையில் கனியும் விறகு, ஒரே கூரையின் கீழ் எட்டுப் பத்து குடும்பங்கள். நமது லயங்களில் தீ எப்படி ஓடும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மகன் ஒரு பேச்சும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பட்டறையில பீ.யூ. அடிச்சோம், ஒன்னும் ஆகலையே" என்றார். இரண்டு டின் கலந்து அடிக்கும் பீ.யூ. பூச்சுத்தான் கடைத் தளபாடத்தின் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு. அதன் கடினமாக்கும் டின்னில் ஐசோசயனேட் இருக்கிறது. இழுப்பு இல்லாதவருக்கே இழுப்பைக் கொண்டுவரக்கூடியது. ஒரு முறை உடல் அதற்குப் பழுதாகிவிட்டால் பிறகு கொஞ்ச வாசமும் தாங்காது. கொரோனாக் காலத்து நீல மாஸ்க் அதைத் தடுக்காது. கரிவடிப் பெட்டி பூட்டிய மாஸ்க்கையும் அதற்கு முழுதாக நம்ப முடியாது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிலையம் பெயின்டர் தொழிலையே 1989இல் புற்றுநோய் தரும் தொழில்களில் சேர்த்தது. ஏழு வருடமும் மாஸ்க் தந்தார்களா என்று கேட்டேன். அவர் கீழே பார்த்தார். "இருமல் இருந்திச்சு" என்று அம்மாதான் பதில் சொன்னார்.

பழைய அலுமாரியை வாங்கிச் சுரண்டிப் புதிதாக்கிக் கொடுப்பதும் அவர் வேலைதான். அதற்கும் ஒரு வார்த்தை. இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்கு எல்லை விதித்தது 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்ந்தபடி அரத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் பிள்ளையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். நனைத்துத் தேய்க்க வேண்டும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும், தும்புத்தடியால் கூட்டக் கூடாது.

காசு அக்காவுடையது. பதினெட்டு மாதம் கட்டிய சீட்டு. ஆகவே தீர்மானமும் அவருடையது என்று இருவரிடமும் சொன்னேன். மகனுக்கு அது கொஞ்சம் கசந்தது. அக்கா இரண்டு நாள் யோசித்தார். கொம்பிரசர் வேண்டாம், கைமெசின், தண்ணீரில் கலக்கும் வார்னிஷ், மிச்சக் காசில் நல்ல மாஸ்க் ஒன்று என்றார். ஒரு நிபந்தனையும் போட்டார்: வீட்டுக்குள் ஒரு துளிகூட அடிக்கக் கூடாது. மரக்கறித் தோட்டத்துக்குப் பக்கத்தில் நாலு கம்பும் தகரமுமாக, இரண்டு பக்கம் திறந்த கொட்டகை ஒன்றுக்குத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு எழுத நான் உதவினேன். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. லயத்தில் இருப்பவர் ஒரு கம்பு நடவும் கடிதம் எழுத வேண்டும். பதில் வர ஏழு கிழமை ஆனது. அதுவரைக்கும் மகன் அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, அடுப்பு அணைந்த நேரத்தில் வெளியே வைத்துத் துணியால் தேய்த்துப் பொலிஷ் போட்டார். சாமித் தட்டுகளுக்கு அதுவே போதும் என்று எனக்குத் தோன்றியது. மாதத்துக்கு இரண்டு மூன்று சாமான் மட்டும் செய்கிறவருக்கு மெசினே தேவையில்லை.

என் கட்டில் வெளுத்த காரணத்தையும் அவர்தான் எனக்கு விளக்கினார். தின்னர் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, மூடுபனியின் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறதாம். ஜூன், ஜூலையில் அட்டன் பக்கம் லெக்கர் அடிக்கவே கூடாதாம். தண்ணீர் வார்னிஷுக்கும் குளிர் ஆகாது, பத்துப் பாகைக்குக் கீழே போனால் சரியாகப் படியாது. தை, மாசியில் வெயில் நல்லது, ஆனால் இரவில் உறைபனியே விழும். எனவே காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடிக்கிறார். பின்னேரத்துக்குள் காய்ந்துவிடும். வார்னிஷைப் பழைய நைலோன் துணியில் வடித்து, ஒரு சாண் தூரத்தில் கையை நேராக ஓட்டி, முதலில் மட்டைப்பெட்டியில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கதவுக்குப் போகிறார். முடிந்த உடனே வாயையும் ஊசியையும் கழற்றிக் கழுவுவது அக்காவின் வேலை. அதை மகனிடம் விடமாட்டாராம்.

பெப்ரவரியில் போனபோது கொட்டகையில் ஓர் அலுமாரிக் கதவு கம்பியில் தொங்கியது. பேத்தி பீலியடியில் விளையாடினாள். இழுப்பு நின்றுவிட்டதா என்று கேட்டேன். "விறகுப் புகை இருக்கே மிஸ், அது எங்க நிக்கிறது" என்றார் அக்கா. கதவை டவுனில் ஒருவர் சொன்ன விலைக்கே எடுக்கிறாராம். பஸ் வரும் நேரம் என்னோடு நடந்து வந்து கேட்டார்: "அந்த மாஸ்க்குல மாத்துற டப்பா இருக்கே, அது அட்டன்ல எந்தக் கடையில கெடைக்கும், மிஸ்?" நான் மூன்று ஹார்ட்வெயார் கடைகளில் கேட்டுவிட்டேன். இன்னும் கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போகும்போது வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.