பேரரசி அடிலெய்டு: பொறுமைக்கு ஒரு புதுப் பொருள்

அடிலெய்டு என்றதும் நம்மில் பலருக்கு ஆஸ்திரேலியாவின் கிரிக்கெட் மைதானம்தான் நினைவுக்கு வரும். அந்நகரம் 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இங்கிலாந்து அரசி ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது. நான் சொல்ல வந்த அடிலெய்டு அவருக்கும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர். ஜெர்மானியப் பேரரசின் அரசி. திருச்சபை புனிதராகப் போற்றும் பெண்மணி. டிசம்பர் 16 அவருடைய திருநாள். அரையாண்டுத் தேர்வுப் பரபரப்பில் அந்நாள் ஓசையின்றி வந்து ஓசையின்றிப் போய்விடுகிறது!

“பெண்ணுக்குப் பொறுமை வேண்டும்” என்று வீட்டில் பாட்டி முதல் அடுத்த வீட்டு அத்தை வரை எல்லோரும் நமக்குச் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் பொறுமை என்றால் என்ன? அடித்தாலும் அவமதித்தாலும் வாய் திறவாமல் இருப்பதா? இதற்கு அடிலெய்டின் வாழ்வு தரும் விடை வேறு என்பது என் கருத்து.

அவர் ஏறத்தாழ 931-இல் பர்கண்டி நாட்டு மன்னர் இரண்டாம் ருடால்ஃபுக்கும் பெர்த்தாவுக்கும் மகளாகப் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். அதே 937-ஆம் ஆண்டில் தாயை இத்தாலி மன்னர் ஹியூகோ மணந்துகொண்டார். சிறுமி அடிலெய்டை அம்மன்னரின் மகன் லோத்தேருக்கு நிச்சயித்தார்கள். பொம்மையோடு விளையாடும் வயதில் அவரே அரசியல் சதுரங்கத்தில் ஒரு காயானார்! பதினாறு வயதில் திருமணம். பத்தொன்பது வயதில், 950-ஆம் ஆண்டில், கைக்குழந்தை எம்மாவுடன் விதவைக் கோலம். கணவருக்கு நஞ்சு வைக்கப்பட்டதாக அன்றே பேச்சு எழுந்தது.

இத்தாலியின் அரியணையைக் கைப்பற்றிய பெரெங்கார் 951-இல் அவரைச் சிறையிலிட்டார். தம் மகனுக்கே அவரை மணமுடிக்க எண்ணினார் என்றும் சொல்வதுண்டு. “எல்லாம் விதி” என்று அடிலெய்டு அடங்கிப் போனாரா? இல்லை. பணிப்பெண்ணின் துணையோடு இரவில் தப்பினார். சுரங்க வழி தோண்டி வெளியேறியதையும், விளைந்த கதிர்களுக்கிடையே மறைந்திருந்ததையும் ரோஸ்விதா என்பவர் பின்னாளில் கவிதையாக எழுதினார். காண்டர்ஸ்ஹைம் மடத்தில் வாழ்ந்த பெண் புலவர் அவர். ஒரு பெண்ணின் துணிவை இன்னொரு பெண், அதுவும் மடத்தில் இருந்துகொண்டே எழுதிவைத்தார் என்பது நம் பள்ளி மலரில் பெருமையோடு குறிக்கத்தக்க செய்தியல்லவா?

ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்த ஜெர்மானிய மன்னர் முதலாம் ஓட்டோ அதே ஆண்டு பவியா நகரில் அவரை மணந்தார். 962 பிப்ரவரி 2-ஆம் நாள் ரோமாபுரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் யோவான் இருவருக்கும் முடி சூட்டினார். அரச ஆவணங்கள் அவரை ஆட்சியில் பங்காளி என்றே குறிக்கின்றன. சிறையிட்ட பெரெங்கார் பின்னர் தோற்று நாடு கடத்தப்பட்டபோது, அவருடைய பெண்மக்களை அடிலெய்டு தம் அரண்மனையில் ஏற்று ஆதரித்தார் என்கிறது அக்காலக் குறிப்பு ஒன்று. தம்மை வதைத்தவரிடமிருந்து தப்பிய கால்கள், அவருடைய மக்கள் தவித்தபோது ஓடிவிடவில்லை.

ஆனால் சோதனை வெளியிலிருந்து மட்டுமா வரும்? ஓட்டோ 973-இல் மறைந்தபின் மகன் இரண்டாம் ஓட்டோவுக்கும் தாய்க்கும் மனக்கசப்பு மூண்டது. 978-இல் நிலைமை உச்சத்துக்குப் போயிற்று. முதல் கணவர் வழி மகள் எம்மா பிரான்சு மன்னரை மணந்திருந்தார். அந்த மருமகன் ஆஹன் நகர்மீது படையெடுக்க, மகன் பதிலுக்குப் பாரிசு வரை படை நடத்தினார். ஒரு தாய்க்கு இதைவிட வேதனை உண்டா? அடிலெய்டு அரண்மனையை விட்டு, பர்கண்டியை ஆண்ட தம் சகோதரர் கொன்ராடிடம் சென்றார். மதிப்பில்லாத இடத்தில் தங்கவில்லை. ஆனால் மகனைத் தூற்றித் திரியவும் இல்லை. 980-இல் கிளனி மடத்து அதிபர் மயோலுஸ் சமாதானம் பேச, பவியாவில் தாயும் மகனும் கண்ணீரோடு ஒன்றுசேர்ந்தனர்.

மூன்றே ஆண்டுகளில் மகன் மறைந்தார். பேரன் மூன்றாம் ஓட்டோவுக்கு வயது மூன்று! உறவினரான பவேரியாவின் ஹென்றி குழந்தையைத் தம் வசப்படுத்திக்கொண்டார். அப்போது எழுந்தவர்கள் இரு பெண்கள்: பாட்டி அடிலெய்டும், கிரேக்க நாட்டிலிருந்து வந்த மருமகள் தியோபானுவும். இவ்விருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதை அடிலெய்டின் வரலாற்றை எழுதிய புனித ஒடிலோவே மறைக்கவில்லை. ஆயினும் குழந்தைக்காகக் கைகோத்தார்கள். மைன்ஸ் பேராயர் வில்லிகிஸ் துணை நிற்க, 984-இல் ஹென்றி குழந்தையை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மாமியார் மருமகள் சண்டையை நகைச்சுவைத் துணுக்காகவே படித்துப் பழகிய நமக்கு இது ஒரு பாடம். மனம் ஒத்துப்போகாதவர்களும் கடமையில் ஒத்துப்போக முடியும்.

991-இல் தியோபானு இறந்தபோது, அறுபது வயதான அடிலெய்டு ஆட்சிப் பொறுப்பைத் தோளில் ஏற்றார். பேரனுக்கு வயது வந்ததும் 994-இல் இறக்கிவைத்தார். மடங்களைக் கட்டினார், ஏழைகளுக்கு வாரி வழங்கினார். வாழ்வின் கடைசி ஆண்டிலும், எழுபதை நெருங்கும் வயதில், தம் சகோதரர் மகனின் நாட்டில் சமாதானம் செய்துவைக்கப் பயணம் போனார். 999 டிசம்பர் 16-இல், தாம் நிறுவிய செல்ஸ் மடத்தில் கண்மூடினார். 1097-இல் திருத்தந்தை இரண்டாம் உர்பான் அவரைப் புனிதராக அறிவித்தார்.

“அவர் அரச குலத்தில் பிறந்தவர்; செல்வமும் செல்வாக்கும் இருந்தன; நமக்கு அப்படியா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் திருமணத்தையொட்டிக் கிடைத்த பண்ணை நிலங்கள் அவருக்குக் கடைசிவரை பலம் தந்தன; அவர் கற்றறிந்தவராகவும் இருந்தார். இதையே நான் பெற்றோர்க்கும் சொல்ல விரும்புகிறேன். உங்கள் பெண்ணுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுங்கள். கூடவே கல்வியையும், தன் பெயரில் கொஞ்சம் பொருளையும் கொடுங்கள். நிற்க இடமில்லாதவளின் பொறுமையை யாரும் மதிப்பதில்லை. அதை இயலாமை என்றே எண்ணுவார்கள்.

அன்புத் தோழியரே! அநீதி நேர்ந்தால் வெளியேறத் துணிவு, உறவு திரும்பி வந்தால் ஏற்க மனம், பொறுப்பு வந்தால் சுமக்கத் தோள், காலம் வந்தால் அதை இறக்கிவைக்கப் பக்குவம்: இந்த நான்கும் சேர்ந்ததே பொறுமை என்பேன். அடுத்த டிசம்பர் 16 அன்று தேர்வுக்குக் கிளம்பும் அவசரத்திலும் அந்தப் பேரரசியை ஒரு நொடி நினைப்போம். வீட்டில் யாரோடாவது பேசாமல் இருந்தால், அன்றைக்கே பேசிவிடுவோம்!